‘பெரிய இன்ஜினா போட்டுக் கொடுங்க’ என்று ஒரு வண்டி வந்தால்

“இன்ஜின் முடிஞ்சு போச்சுண்ணே. போடறதுதான் போடறோம், கொஞ்சம் பெரிசா ஒண்ணு போட்டுக் கொடுங்க.” ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆர்டர் அடிக்கடி வராது. வந்தால் விட மனசும் வராது. ஆயில் சர்வீஸும் பிரேக் வேலையும் பார்த்து ஒரு மாதத்தில் சேர்க்கும் காசை ஒரே வண்டியில் எடுத்துவிடலாம் என்று கணக்கு ஓடும். அந்தக் கணக்கில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலியை வைத்து விலை சொல்லிவிடுகிறார்கள். செயின் பிளாக்கும் கூட ஓர் ஆளும் இருந்தால் இறக்கி ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதைச் சுற்றி இருப்பதுதான் ஸ்வாப் என்கிற இன்ஜின் மாற்றும் வேலை. இந்த வேலையில் பெயர் எடுக்க நினைக்கும் இளம் மெக்கானிக்குகள் முதலில் விலை போடக் கற்க வேண்டியது அந்தச் சுற்று வேலைக்கு.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இன்ஜின் நிஜமாகவே முடிந்துவிட்டதா? ஓனர் சொன்னார் என்பதற்காக நம்பாதீர்கள். இன்னொரு மெக்கானிக் சொன்னார் என்றால் இன்னும் நம்பாதீர்கள். கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், பேட்டரி சார்ஜ் நன்றாக இருக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். எண் ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வில் கசிவு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஹெட் வேலையோடு முடியக்கூடிய வண்டிக்கு ஸ்வாப் ஆர்டர் வாங்கினால் அன்றைக்குக் காசு வரும், மறு வருஷம் அந்த ஓனர் வரமாட்டார்.

சரி, கிராங்க் சத்தம் போடுகிறது, பிளாக்கில் விரிசல், பேக் கம்ப்ரஷனில் டிப்ஸ்டிக் குழாய் வழியே புகை வருகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். எதைப் போடுவது?

நல்ல வழிகாட்டி அம்பாசடர். பல பத்தாண்டுகள் அதைத் தூக்கிச் சுமந்தது பிரிட்டிஷ் பி.எம்.சி. வழி வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், திறன் 50 குதிரையை ஒட்டித்தான். 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே உடம்பில் 1817 சி.சி. இசுசு இன்ஜினைப் பொருத்தி 1800 ஐ.எஸ்.இசட். என்று விற்றது. 75 குதிரைத்திறன். அதே கம்பெனியின் காண்டெஸ்ஸாவுக்கும் நடந்தது இதுதான்: 1984-ல் வந்தபோது அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின், பிறகுதான் இசுசு 1.8. மாருதி ஜிப்ஸியும் 970 சி.சி.யில் தொடங்கி 1990களின் நடுவில் 1298 சி.சி.க்குப் போனது. இப்படிக் கம்பெனியே செய்து காட்டிய மாற்றம்தான் ஒரு புது ஒர்க்‌ஷாப்புக்குப் பாதுகாப்பான முதல் ஆர்டர். மவுண்டிங் எங்கே வரும், சம்ப் எங்கே இடிக்கும், எந்த கியர்பாக்ஸ் சேரும் என்பதற்கெல்லாம் ஏற்கெனவே விடை இருக்கிறது. கம்பெனி இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இசுசு இன்ஜினோடு அம்பாசடருக்கு 5 கியர் பாக்ஸும் வந்தது. இன்ஜினை மட்டும் தனியாக மாற்றவில்லை.

அதனால் வாங்கும்போதே செட்டாக வாங்குங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் ஹவுசிங், பிளைவீல், ஸ்டார்ட்டர், மவுண்டிங் பிராக்கெட், இஞ்செக்‌ஷன் வண்டி என்றால் வயரிங், ஈ.சி.யூ., சாவியோடு இம்மொபிலைசர். சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போய் இன்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, விட்டுப்போன ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் திரும்பத் திரும்ப அலைவதில் லாபம் முழுக்கக் கரைந்துபோகும். முடிந்தால் அடிபட்ட வண்டி ஒன்றை முழுசாகவே வாங்கி ஷெட்டில் நிறுத்துங்கள். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று பார்க்க அதைவிட நல்ல மேனுவல் கிடையாது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் முதலில், ஸ்பேனர் பிறகு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிற மெக்கானிக்தான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இது: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை ஓனர் மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. இன்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும் என்பதும் பிரிவு 52-ல்தான் இருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்வது? அதே மாடல், அதே சி.சி. இன்ஜின் என்றால் பில்லும் புது இன்ஜின் நம்பரும் வைத்து முறையாகப் பதியலாம். சி.சி. கூடுகிறது என்றால், அது அதே கம்பெனி அதே மாடலில் கொடுத்த இன்ஜினாகவே இருந்தாலும், எழுத்தில் ஒப்புதல் கைக்கு வரும்வரை போல்ட்டைத் தொடாதீர்கள். வேறு கம்பெனியின் ராட்சச இன்ஜினைப் போட்டுச் சாலையில் ஓட்டப்போகிறேன் என்பவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். “பேப்பர் நான் பாத்துக்கறேன், நீங்க வேலையப் பாருங்க” என்று அவர் சொல்லுவார். விபத்து நடந்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்கும்போது அந்தப் பேச்சு செல்லாது. க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம், உங்கள் பில்லும் கோர்ட்டுக்குப் போகலாம்.

பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாங்கும் முன் இன்ஜின் நம்பர் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சுற்றியுள்ள வார்ப்பு சொரசொரப்பாக இருக்க, நம்பர் இருக்கும் பட்டை மட்டும் கிரைண்டர் வைத்ததுபோல் பளபளத்தால், அல்லது எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாமல் ஆடிப்போய் இருந்தால், விலை பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

அளக்கத் தெரிந்தவனுக்கே கூலி

வேறு கியர்பாக்ஸோடு அடாப்டர் பிளேட் வைத்துச் சேர்க்கும் வேலை என்றால் உங்கள் தரம் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஹவுசிங்கை இன்ஜினில் மாட்டி, டயல் கேஜின் காந்தத்தைப் பிளைவீலில் ஒட்டி, முள்ளை ஹவுசிங்கின் நடு வட்டத்தில் தொடவிட்டு, கிராங்க்கை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் மையம் விலகியிருக்கும் அளவு. அது 5 தவ், அதாவது 0.13 மில்லிமீட்டர், தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. தாண்டினால் இன்புட் ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். பேரிங் சத்தம் போட்டுக்கொண்டு வண்டி உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். லேத்காரர் “கரெக்டா இருக்கு தம்பி” என்று சொன்னதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புரொப்பல்லர் ஷாப்ட்டை வெட்டிச் சுருக்கினால் பேலன்ஸ் பண்ணாமல் மாட்டாதீர்கள். கியர்பாக்ஸ் முனையின் சாய்வும் பின் ஆக்ஸில் பினியனின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் 60-க்கு மேல் வண்டி நடுங்கும், பழி மவுண்டிங் ரப்பர்மேல் விழும். பெட்ரோல் லைனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கார்புரேட்டருக்கு 3, 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இஞ்செக்‌ஷனுக்கு 40-க்கு மேல் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸையும் சாதா கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டால் சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பீய்ச்சும். ரேடியேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய இன்ஜினோடு வந்த ரேடியேட்டரையே போடுங்கள்.

பிரேக் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 80-ல் போன வண்டி 100-ல் போனால் நிறுத்த வேண்டிய சக்தி கால் பங்கு அல்ல, பாதிக்கும் மேல், 56 சதவீதம் கூடுகிறது. நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய அம்பாசடருக்கு 75 குதிரையைப் பூட்டிவிட்டு பிரேக்கைத் தொடாமல் அனுப்பும் மெக்கானிக்கை நான் மெக்கானிக்காகவே கணக்கில் எடுப்பதில்லை. “பிரேக் பிறகு பாத்துக்கலாம்” என்கிற ஓனரின் ஆர்டரை விட்டுவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

எஸ்டிமேட் போடும் விதம்

ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: பொருள், வெளிவேலை, உங்கள் கூலி. வெளிவேலை என்றால் லேத், வெல்டிங், ஷாப்ட் பேலன்சிங், எலக்ட்ரீசியன், ரேடியேட்டர்காரர். அவர்கள் விலையும் தேதியும் உங்கள் கையில் இல்லை என்பது ஓனருக்கு முதல் நாளே தெரிந்திருக்கட்டும். பொருளுக்கான பணம் முழுக்க முன்பணமாக வரட்டும். உங்கள் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு உங்கள் பணத்தில் இன்ஜின் வாங்காதீர்கள். ஓனரே இன்ஜின் கொண்டுவந்தால் நல்லதுதான், ஆனால் அதன் உள்தரத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எதுவெல்லாம் இந்த விலையில் சேராது என்றும் ஒரு பட்டியல் வேண்டும்: ஏசி, ஸ்பீடோமீட்டர், சைலன்சர். சண்டை வருவது எப்போதும் இந்த மூன்றில்தான்.

தேதி விஷயத்தில், உங்கள் மனசுக்குத் தோன்றும் நாளை இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள். வாராவாரம் சனிக்கிழமை நாலு போட்டோ அனுப்புங்கள். போட்டோ வந்துகொண்டிருக்கும் ஓனர் போன் பண்ணி நச்சரிப்பதில்லை.

இதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு: ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு அடிப்படைக்குப் போதும். அதற்கு மேல் வயரிங் வரைபடம் படிக்கப் பழகுங்கள். இப்போதைய ஸ்வாப்பில் பாதி நேரம் போவது வயரில்தான். சாலை வண்டிகளை மட்டும் நம்பி இந்தத் தொழில் ஓடாது, சட்டம் அப்படி. இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பந்தயத் தளங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பந்தய அணிகளுக்கு இன்ஜினை வேகமாக இறக்கி ஏற்றத் தெரிந்த கை எப்போதும் தேவை. பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் வேலையும் உண்டு. சி.என்.ஜி., எலக்ட்ரிக் என்று அங்கீகரித்த கிட் பொருத்துவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மவுண்டிங் போடவும் எடை கணக்கிடவும் ஸ்வாப்பில் கற்றது அங்கேயும் உதவும்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். இறுக்கிய ஒவ்வொரு முக்கிய போல்ட்டின் தலையிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருங்கள். பிறகு சுழன்றிருந்தால் கண்ணுக்கே தெரியும். ஓனரை உட்கார வைத்து, மதிய வெயிலில், நெரிசலான சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். டெம்பரேச்சர் முள் அங்கே நிலையாக நின்றால்தான் கூலிங் சரி. 500 கிலோமீட்டரில் வண்டி திரும்ப வர வேண்டும், மவுண்டிங்கும் ஹோஸ் கிளிப்பும் மறுபடி பார்க்கப்படும், அதற்குக் கூலி இல்லை என்று பில்லிலேயே எழுதுங்கள்.

கழற்றிய பழைய இன்ஜினை ஓனரிடமே கொடுத்து, நம்பரோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் புது நம்பர் ஏறும்வரை அதை அவர் இரும்புக் கடைக்குப் போடக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.