சிறிய பலகை, பெரிய பொறுப்பு

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இரவும் பகலும் நீரேற்று இயந்திரங்கள் இயங்கிக்கொண்டே இருக்கும். தொட்டியின் நீர்மட்டத்தையும் குழாயின் அழுத்தத்தையும் நொடிக்கு நொடி கண்காணிக்க, உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினியே போதும். செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்திருப்பதால் இதனை ஒற்றைப் பலகைக் கணினி என்பர்.

வீட்டுக் கணினி திடீரென நின்றுவிட்டால், அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். தொழிற்கூடக் கணினி நின்றால், நீர் வழிந்தோடலாம். இயந்திரம் எரிந்தும் போகலாம். எனவே, வெப்பம், தூசி, அதிர்வு ஆகியவற்றைத் தாங்கும் வகையில் அது வடிவமைக்கப்படுகிறது. இத்தகைய கணினியைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அது பிற கருவிகளுடன் எவ்வாறு பேசும்? தகவல்களை எங்கே சேமிக்கும்?

முதலில் தகவல் தொடர்பைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமான யூ.எஸ்.பி. கம்பி சில மீட்டர் தூரத்திற்கே ஏற்றது. செம்புக் கம்பியில் செல்லும் ஈதர்நெட் இணைப்பு 100 மீட்டர் வரை எட்டும். ஆர்.எஸ்.485 என்னும் இணைப்போ, குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை தகவலைக் கொண்டு செல்லும். அதில் இரண்டு கம்பிகள் ஒன்றுக்கொன்று எதிரான சமிக்ஞைகளை ஏந்திச் செல்கின்றன. அருகிலுள்ள இயந்திரங்களால் ஏற்படும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் பாதிக்கிறது. பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கணக்கிடுவதால், தகவல் சிதைவதில்லை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு வாகனங்களுக்காக அறிமுகப்படுத்திய ‘கேன்’ இணைப்பில் வேறொரு சிறப்பு உண்டு. பல கருவிகள் ஒரே நேரத்தில் தகவல் அனுப்ப முயன்றால், முன்னுரிமை பெற்ற தகவலே முதலில் செல்லும்.

அடுத்தது நினைவகம். ‘ராம்’ என்னும் தற்காலிக நினைவகம் மிக விரைவானது. ஆனால், மின்சாரம் தடைப்பட்டவுடன் அதிலுள்ள யாவும் அழிந்துவிடும். ‘ஃபிளாஷ்’ நினைவகம் மின்சாரம் இல்லாவிட்டாலும் தகவலைக் காக்கும். எனினும், அழித்து அழித்து எழுதும்போது அது சிறிது சிறிதாகத் தேய்கிறது. அதிர்வு மிகுந்த இடங்களில், கழற்றக்கூடிய நினைவக அட்டையைவிடப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட ‘இ.எம்.எம்.சி.’ நினைவகமே நம்பகமானது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நொடிக்கு ஒருமுறை அளவீட்டைப் பதிவு செய்தால், ஒரே நாளில் 86,400 பதிவுகள் சேரும். அவற்றை உடனுக்குடன் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால் அதன் ஆயுள் குறையும். ராமில் சேர்த்துவைத்து மணிக்கு ஒருமுறை எழுதினால், மின்தடையின்போது ஒரு மணி நேரப் பதிவு வரை இழக்க நேரிடும். விபத்துக்கான காரணம் அந்தப் பதிவில்தான் இருந்திருக்கக்கூடும்! இதனால், முக்கியமான அளவீடுகளை மட்டும் ‘எஃப்-ராம்’ என்னும் சிறு நினைவகத்தில் சேமிப்பதுண்டு. மின்சாரம் நின்றாலும் அது தகவலைக் காக்கும். எளிதில் தேயவும் தேயாது. ஆனால், அதன் கொள்ளளவு குறைவு, விலையோ அதிகம்.

ஆகவே, எல்லா இடத்திற்கும் பொருந்தும் சிறந்த கணினி என்று ஒன்றில்லை. எவ்வளவு தூரம், எத்தகைய சூழல், எந்தத் தகவலை இழக்கவே கூடாது என்பவற்றை அறிந்த பிறகே, ஏற்ற பலகையைத் தேர்ந்தெடுக்க முடியும்.