பந்தலுக்குள் யாராவது இருக்கிறார்களா?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு இப்போது அரிது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற பாடத்தை எல்லோரும் ஒரு செமஸ்டர் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், மறந்தும் போகிறார்கள். அந்தப் பாடத்தில் பேராசிரியர்கள் அதிகம் தொடாத ஒரு மூலையை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவரை ஏற்றுவது எளிது. இறக்குவது எப்படி என்பதே கேள்வி. கம்ப்யூட்டர் படிக்காத பெரியவர்களும் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டுப் பிரித்தவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததுதான்.

முதலில் அடிப்படை. மெஷினின் நினைவகம், பிராசஸர், டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றையும் ஆட்சி செய்யும் நடு நிரல்தான் கெர்னல். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று பெரிய சர்வர்களிலும் நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடுகிறது. ஒவ்வொரு சாதனத்தோடும் பேசுவதற்கு அதற்கென ஒரு டிரைவர் வேண்டும். உலகத்திலுள்ள எல்லாச் சாதனங்களின் டிரைவர்களையும் கெர்னலோடு சேர்த்தே தைத்துவிட்டால் அது யானையாகிவிடும். ஆகையால் வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது கழற்றும் துண்டுகளாக டிரைவர்களை அமைத்தார்கள். இத்துண்டுகளுக்கு மாட்யூல் என்று பெயர். 1995ல் வெளிவந்த 1.2 பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. டிரைவர் எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். ஒரு வரியைத் திருத்தினால் பழைய மாட்யூலை இறக்கிப் புதியதை ஏற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் சாதாரணமாக ஓட்டும் புரோகிராம்களுக்கிடையே சுவர் உண்டு; ஒன்று விழுந்தால் அதோடு போகும். கெர்னலுக்குள் அப்படிச் சுவர் கிடையாது. மாட்யூல் ஏறியவுடன் அது கெர்னலின் உடம்பாகவே ஆகிவிடுகிறது. ஒரு மாட்யூலின் ஃபங்ஷனை யாரோ ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மாட்யூலை இறக்கினால், அது இருந்த நினைவகம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அடுத்த கட்டளையைப் படிக்கப் போன பிராசஸருக்கு அங்கே ஒன்றும் இராது, அல்லது வேறு எதுவோ இருக்கும். மெஷின் அந்த நொடியிலேயே சரிந்தால் அதிர்ஷ்டம் என்பேன். சரியாமல் தவறான எண்களை டிஸ்கில் எழுதிக்கொண்டே போவதுதான் பயங்கரம்.

இதைத் தடுக்க ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு பயன்பாட்டுக் கணக்கு உண்டு. யாராவது பயன்படுத்தத் தொடங்கினால் ஒன்று கூடும், விட்டுவிட்டால் ஒன்று குறையும். பூஜ்யமானால் இறக்கலாம். லினக்ஸ் மெஷினில் 'எல்எஸ்மாட்' என்று கட்டளை கொடுத்தால் மாட்யூலின் பெயர், அதன் அளவு, இந்தக் கணக்கு மூன்றும் வரிசையாக வரும். டெபியன் போட்ட ஒரு புதிய மெஷினில் பார்த்தால் 'விஃபேட்' என்பதன் எதிரே 1 என்றும், 'ஃபேட்' என்பதன் எதிரே 1 என்றும், பக்கத்திலேயே 'விஃபேட்' என்ற பெயரும் இருக்கும். இதன் பொருள் என்ன? மெஷின் பூட் ஆவதற்கான சிறிய பகுதி ஃபேட் வடிவத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது. அது விஃபேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விஃபேட்டோ ஃபேட்டின் மேல் நிற்கிறது. ஃபேட் வடிவப் பென் டிரைவ் ஒன்றையும் செருகி மவுண்ட் செய்தால் விஃபேட்டின் கணக்கு 2 ஆகும். ஃபேட்டின் கணக்கு 1 ஆகவே இருக்கும். கீழே நிற்பவனுக்குத் தன் தோளில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் தெரியும். அந்தத் தோளின் மேல் எத்தனை பேர் என்பது தெரியாது.

கூட்டிக் கழிக்கும் கணக்குத்தானே, இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். சிக்கல் கணக்கில் இல்லை. கணக்கு நோட்டை எங்கே வைப்பது, அதில் எழுதுவது யார் என்பதில்தான் இருக்கிறது.

பழைய லினக்ஸில் மாட்யூல் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டது. டிரைவரின் ஓப்பன் ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் 'ஒன்று கூட்டு' என்று ஒரு வரி. மூடும் ஃபங்ஷனின் முடிவில் 'ஒன்று கழி' என்று ஒரு வரி. பார்க்க ஒழுங்காகத்தான் தோன்றும். இப்போது பந்தலுக்கு வருவோம். ஷாமியானா என்று இங்கே சொல்கிறார்களே, அதேதான். உள்ளே நடுக்கம்பத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வருகிறவர் உள்ளே நுழைந்து, கம்பம் வரை நடந்து, தன் வரவைப் பதிய வேண்டும். போகிறவர் கம்பத்தருகே தன் பெயரை அடித்துவிட்டு வாசல் வரை நடக்க வேண்டும். பந்தல்காரர் நோட்டை மட்டும் பார்ப்பார். பூஜ்யம் என்றால் கயிற்றை அவிழ்ப்பார். வாசலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பவர் தலையில் பந்தல் விழும். வரும்போதும் ஆபத்து, போகும்போதும் ஆபத்து. போகும்போதுள்ள ஆபத்து கொஞ்சம் நுட்பமானது: 'ஒன்று கழி' என்ற வரிக்குப் பிறகும், ஃபங்ஷனிலிருந்து திரும்பும் கட்டளை ஒன்று அந்த மாட்யூலுக்குள்ளேயே பாக்கி இருக்கிறது. ஆக, தான் வெளியேறிவிட்டதாக எந்த மாட்யூலும் தானே உண்மையாகச் சொல்ல முடியாது. சொல்லும் வாய் உள்ளே இருக்கிறது.

இவ்வளவு ஓட்டையோடு இது எப்படி ஓடியது? மெஷினில் ஒரே பிராசஸர் இருந்த காலத்தில், கெர்னலுக்குள் ஓடும் வேலையை நடுவில் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. அதுவே தூங்கினால்தான் அடுத்தவர் முறை. எனவே 'தூங்குவதற்கு முன் கணக்கைக் கூட்டிவிடு' என்ற விதியை டிரைவர் எழுதுகிறவர் கடைப்பிடித்தால் தப்பித்தார். பல பிராசஸர்கள் வந்து, அவற்றைக் கட்டிவைத்திருந்த ஒரே பெரிய பூட்டும் சிறுகச் சிறுகத் தளர்ந்தபோது ஓட்டை வாய் பிளந்தது.

பரிகாரம், நோட்டை வாசலுக்கு வெளியே கொண்டுவருவது. 2001ல் வந்த 2.4 பதிப்பில் பாதி தூரம் போனார்கள். டிரைவர் தன் ஃபங்ஷன்களின் பட்டியலைக் கெர்னலிடம் கொடுக்கும்போது, 'இந்தப் பட்டியலின் சொந்தக்காரன் இந்த மாட்யூல்' என்று ஒரு கட்டத்தில் குறிப்பிடும். உள்ளே போவதற்கு முன் கெர்னலே கணக்கைக் கூட்டும். மீதி தூரத்தை 2002ல் ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர் மாட்யூல் ஏற்றும் பகுதியையே திரும்ப எழுதிக் கடந்தார். அது 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் எல்லோர் கைக்கும் வந்தது. இப்போது வாசலில் நிற்கும் ஃபங்ஷனுக்கு 'ட்ரை மாட்யூல் கெட்' என்று பெயர். பெயரின் முதல் சொல்லைக் கவனியுங்கள். 'கணக்கைக் கூட்டு' என்பது கட்டளை. 'கூட்ட முயன்று பார்' என்பது கேள்வி. பந்தல் பிரிக்க ஆரம்பித்தாகிவிட்டது என்றால் வாசற்காரர் 'இல்லை, திரும்பிப் போங்கள்' என்று சொல்வார். சாதனத்தைத் திறக்க வந்த புரோகிராமுக்கு 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று பதில் போகும். பழைய முறையில் இந்த மறுக்கும் உரிமை இல்லை. எனக்குக் கேட்டால், நோட்டின் இடத்தை மாற்றியதைவிட இந்த மறுப்பைச் சேர்த்ததுதான் பெரிய காரியம்.

ஏனென்றால், பூஜ்யம் என்று பார்ப்பதற்கும் பிரிக்கத் தொடங்குவதற்கும் நடுவில் ஒருவர் நுழைந்துவிடலாம் அல்லவா? பார்ப்பதும் கதவடைப்பதும் ஒரே செயலாக இருக்க வேண்டும். முதலில் இதற்காக எல்லாப் பிராசஸர்களையும் ஒரு கணம் நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்க ஊரையே நிறுத்துவது போல. 2015 பிப்ரவரியில் வந்த 3.19 பதிப்பிலிருந்து அழகான வழி வந்தது. கணக்கு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 1ல் தொடங்குகிறது. அந்த ஒன்று மாட்யூலை ஏற்றிய கெர்னலின் பங்கு. இறக்கும்போது கெர்னல் தன் ஒன்றைக் கழித்துப் பார்க்கும். பூஜ்யமானால் உள்ளே யாரும் இல்லை. பூஜ்யமாகிவிட்ட கணக்கைக் கூட்ட யாருக்கும் அனுமதியில்லை என்பதால் கதவும் அப்போதே அடைபட்டது. பூஜ்யமாகாவிட்டால் கழித்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டு 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லிவிடும். எல்எஸ்மாட் இந்த ஒன்றை நீக்கிவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது.

இந்த நோட்டில் ஒரு குறை உண்டு. எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர்கள் இல்லை. ஒரு மாட்யூல் இன்னொன்றின் மேல் நின்றால் மட்டும் பெயர் தெரியும். அதே டெபியன் பட்டியலில் எழுத்துக் குறியீட்டு மாட்யூல் ஒன்றின் எதிரே 1 இருக்கும், பெயர் இராது; மவுண்ட் ஆன ஃபேட் பகுதி ஓடும்போது கேட்டு வாங்கிக்கொண்டது அது. இதனால் ஒரு தொல்லை. டிரைவருக்குள் ஓடிக்கொண்டிருந்த வேலை பிழையினால் நடுவில் செத்துவிட்டால், தன் கணக்கைக் கழிக்க அது திரும்பி வரப்போவதில்லை. அந்த 1 அப்படியே நிற்கும். யாருடையது என்று கெர்னலுக்கும் தெரியாது. மெஷினை மறுபடி தொடங்குவதுதான் வழி. 'ஆர்எம்மாட்' கட்டளையில் பலவந்தமாக இறக்கும் வழி ஒன்று உண்டு. கெர்னலைத் தொகுக்கும்போதே அனுமதித்திருந்தால்தான் அது நடக்கும். அப்படி இறக்கினால் கெர்னல் தன்மேல் 'கறைபட்டது' என்று ஒரு குறி போட்டுக்கொள்கிறது. அந்தக் குறியோடு போய்ப் பிழையென்று முறையிட்டால் கெர்னல் எழுதுகிறவர்கள் காது கொடுக்கத் தயங்குவார்கள், அதுவும் நியாயம்தான்.

கணக்கு பூஜ்யமாக இருந்தும் பந்தல் தலையில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து எங்களிடம் வந்த ஒரு டிரைவர். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். ஏற்றினால் ஓடும், இறக்கினால் ஒழுங்காக இறங்கும். இறங்கி இரண்டு மூன்று விநாடி கழித்து மெஷின் விழும். இரண்டு நாட்கள் ஹார்டுவேரையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். விழும்போது கெர்னல் அச்சிடும் செய்தியில் ஏற்றியிருக்கும் மாட்யூல்களின் பட்டியல் வரும். அதன் கடைசியில் 'கடைசியாக இறக்கப்பட்டது' என்று ஒரு பெயரும் வரும். அதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அந்த டிரைவர் சில விநாடிக்கு ஒருமுறை தன்னை எழுப்பச் சொல்லி ஒரு டைமர் வைத்திருந்தது. வெளியேறும் ஃபங்ஷனில் அதை நிறுத்தவில்லை. டைமர் சொன்ன நேரத்துக்கு வந்து கதவைத் தட்டியது, வீடே இல்லை. டைமர், இன்டர்ரப்ட், பின்னால் செய்யச் சொல்லி வரிசையில் போட்டுவைத்த வேலை ஆகியவை பயன்பாட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருந்து, பிறகே திரும்ப வேண்டியது வெளியேறும் ஃபங்ஷனின் பொறுப்பு. வெளியேறும் ஃபங்ஷனே எழுதாத மாட்யூலும் உண்டு. அதைக் கெர்னல் நிரந்தரம் என்று வைத்துக்கொள்கிறது, இறக்கவே விடாது. அரைகுறையாக எழுதுவதற்கு அது எவ்வளவோ மேல்.

நெட்வொர்க் டிரைவர் வேறு வகை. இன்டெல் கார்டுகளுக்கான ஈ1000ஈ என்ற மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதன் கணக்கு பூஜ்யமாகவே இருக்கலாம். 'யாரும் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது' என்று வீட்டிலிருந்தபடி ஆபீஸ் சர்வரில் அதை இறக்கினால், நீங்கள் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டியதாகும். யாராவது நேரில் போய்த்தான் திரும்ப ஏற்ற வேண்டும். இங்கே மாட்யூலுக்குப் பதிலாக நெட்வொர்க் சாதனத்துக்கே தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இறக்கும்போது கெர்னல் முதலில் சாதனத்தைப் பதிவிலிருந்து நீக்கி, 'எல்லோரும் கையை எடுங்கள்' என்று அறிவித்துவிட்டு, கணக்குக் குறையும்வரை காத்திருக்கும். யாரோ விடாமல் பிடித்திருந்தால், 'சாதனம் விடுபடக் காத்திருக்கிறேன், கணக்கு 1' என்று பத்து விநாடிக்கொருமுறை அச்சிட்டுக்கொண்டே நிற்கும். சர்வர் பார்க்கும் வேலையிலிருப்பவர்கள் இந்த வரியை எங்கே பார்த்தாலும் பெருமூச்சு விடுவார்கள்.

வீட்டில் செய்துபார்க்க விரும்பும் மாணவர்களுக்கு: வெர்ச்சுவல் மெஷினில் டெபியன் போட்டுக்கொள்ளுங்கள், அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். (உபுண்டு போன்ற சிலவற்றில் விஃபேட் கெர்னலோடு சேர்த்தே தைத்திருக்கும், பட்டியலில் தேடினால் கிடைக்காது.) ஃபேட் வடிவப் பென் டிரைவை மவுண்ட் செய்து, அதிலுள்ள ஒரு ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு அன்மவுண்ட் செய்யப் பாருங்கள், மறுக்கும். ஃபைலை மூடிவிட்டு அன்மவுண்ட் செய்து விஃபேட்டின் கணக்கைப் பாருங்கள். அது பூஜ்யமாகவில்லை என்றால் பூட் பகுதி பிடித்திருக்கிறது. அதையும் அன்மவுண்ட் செய்யுங்கள். பிறகு ஆர்எம்மாட் கொடுத்து ஃபேட்டை முதலில் இறக்க முயலுங்கள். அப்போது வரும் மறுப்புச் செய்தியில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை முதலில் இறக்கிவிட்டு ஃபேட்டுக்குத் திரும்பி வாருங்கள்.