இரண்டாவது பிரசவத்துக்கு நாள் குறிப்பது யார்?

போன மாதம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஜோசியர் எழுதிக்கொடுத்த தாள்; அதில் மூன்று நாள், மூன்று நேரம். "இதுல எது தோதுப்படும்னு பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். முதல் பிரசவம் சிசேரியன் ஆனதால் இதுவும் சிசேரியன்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்றேன். வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். ஜோசியர் தாள் மட்டும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பத்திரமாக இருந்தது. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷம் லேபர் வார்டில் நின்றவள் நான். இப்படி எத்தனையோ தாள்களைப் பார்த்தாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சிசேரியனுக்குப் பிறகு உள்ள வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வலி வரும்வரை காத்திருந்து சுகப்பிரசவத்துக்கு முயலலாம். இல்லையென்றால் 39 வாரம் ஆனபின் டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி அறுவை செய்துகொள்ளலாம். இரண்டும் மரியாதையான வழிகளே. வீடியோ பார்த்துவிட்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: கருப்பையில் தழும்பை வைத்துக்கொண்டு அந்த நினைப்பே கூடாது.

யாருக்கு எந்த வழி என்பதைத் தழும்பு சொல்லும். வயிற்றுத் தோலில் தெரியும் தையலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதே கணக்கு. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிய ஒரே தழும்பு என்றால், முயல்கிறவர்களில் 100க்கு 60 முதல் 80 பேர் வரை சுகப்பிரசவம் ஆகிறார்கள். முன்பே ஒரு சுகப்பிரசவம் கண்டவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். முதல் குழந்தை கால்பக்கமாக இருந்ததால் அறுத்தவர்களுக்கு, வலி வந்தும் இறங்காமல் நின்றதால் அறுத்தவர்களைவிட நல்ல வாய்ப்பு. மேலிருந்து கீழாக நீள வெட்டு, ஏற்கெனவே ஒருமுறை பிரிந்த கருப்பை, கருப்பை வாயை மூடிக் கிடக்கும் நஞ்சுக்கொடி, இவற்றில் எது இருந்தாலும் அறுவைதான். இரண்டு சிசேரியன் ஆனவர்கள் மூத்த டாக்டரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தையல் பிரிந்துவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குப் பிரியலாம். இரண்டு பிரசவத்துக்கும் இடையே ஒன்றரை வருஷம்கூட இல்லையென்றால் ஆபத்து ஏறும். பிரிந்தால் ஒவ்வொரு நிமிஷமும் உயிர்தான். பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதே முதல் அறிகுறி. ஆகவே துடிப்பை விடாமல் பார்க்கும் கருவி, இரவு பகல் மயக்க மருந்து டாக்டர், தயாராக ரத்தம், திறந்த தியேட்டர் எல்லாம் உள்ள இடம் வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையம் என்று பலகை மாட்டிய இடங்கள் இந்த மாதிரி அவசரத்துக்காகவே உள்ளவை. வலியைக் கிளப்பும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்புள்ளவருக்கு ஆகாது. டிரிப்பில் ஏற்றும் ஆக்ஸிடோசினும் தேவை பார்த்து, அளந்துதான்.

இனி அந்த மஞ்சள் தடவிய தாளுக்கு வருகிறேன்.

அமாவாசை கூடாது, மூலம் கூடாது, ஆயில்யம் கூடாது, சித்திரை பிறக்கக் கூடாது என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுகிற நல்ல நாள் 37ஆவது வாரத்தில் வந்து நிற்கும். கருப்பைக்குள் குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கிறது. கடைசி வாரங்களும் பிரசவ வலியும்தான் அந்த நீரை வடியவைத்து மூச்சுக்குத் தயார் செய்கின்றன. வலியே காணாமல் 39 வாரத்துக்கு முன் வெளியே எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கூடுதல். ராஜயோகத்தில் பிறந்த பிள்ளை, முதல் மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்ஸிஜனோடு கிடந்ததை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். தாத்தா வெளியே நின்று லக்னம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாய்க்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு அறுவையும் அடுத்ததைக் கடினமாக்கும். மூத்திரப்பை கருப்பையோடு ஒட்டிக்கொள்ளும். நஞ்சு கீழிறங்கி வாயை மூடியிருந்தால், அது பழைய தழும்புக்குள் வேரோடும் ஆபத்து ஒரு சிசேரியன் ஆனவருக்கு 100க்குச் சுமார் 11, இரண்டு ஆனவருக்கு 40. அப்போது கருப்பையையே எடுக்க நேரலாம். மூன்றாவது பிள்ளை வேண்டுமென்று நினைக்கிற குடும்பம் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை அறுத்தால் எப்போதும் அறுவைதான் என்ற பேச்சு நியூயார்க் டாக்டர் எட்வின் கிரேகின் 1916இல் எழுதியதிலிருந்து வந்தது. அன்று கருப்பையை நீளவாக்கில் வெட்டினார்கள். அவர் சொல்ல வந்ததோ முதல் சிசேரியனையே யோசித்துச் செய்யுங்கள் என்பது. 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டைப் பரப்பினார். வெட்டு மாறி நூறு வருஷம் ஆகிறது. நம் வீட்டுப் பேச்சு மாறவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. ஆக, இந்தக் கேள்வி இனி பாதி வீடுகளுக்கு வரப்போகிறது.

என் தராசு ஒரு பக்கம் சாய்வது உங்களுக்குத் தெரியும். என் மூத்தவன் சிசேரியன். இளையவள் பதினாறு மணி நேர வலிக்குப் பின் சுகப்பிரசவம். மறுநாள் நானே எழுந்து குளித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் என்னை விடவில்லை. அதற்காக உண்மையை மறைக்க மாட்டேன்: வலி எடுத்து, முயன்று, கடைசியில் தியேட்டருக்குப் போனால் தொற்றும் ரத்தப்போக்கும் திட்டமிட்ட அறுவையைவிடக் கூடுதல். பயம் தாங்காத பெண் யோசித்து 39 வாரத்தில் அறுவையைக் கேட்டால் அதுவும் நியாயமே. அவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மாமியாரோ நாத்தனாரோ பக்கத்து வீட்டுப் பெண் பெற்ற கதையோ அவளுக்காகக் கேட்கக் கூடாது.

எந்த உடம்புக்கு எது ஆகும் என்று அறிவது ஒரு பக்குவம். காத்திருப்பது அதைவிடப் பெரிய பக்குவம். குக்கரில் மூன்று விசில், போனில் பத்து நிமிஷத்தில் மளிகை என்று பழகிப்போன நமக்கு, வலிக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருப்பது தண்டனை மாதிரித் தெரிகிறது. பிள்ளை வளர்ப்பு முழுக்க அந்த உட்கார்தல்தான் அம்மா. பல் முளைக்க, பேச்சு வர, படிப்பு ஏற எல்லாவற்றுக்கும் காத்திருக்கப் போகிறீர்கள். இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் பழைய மருத்துவமனைக்குப் போய் ரெக்கார்டு ரூமில் கேஸ் ஷீட் நகல் கேளுங்கள். ஜோசியர் தாளைப் பெயர் வைக்கிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.