இடுப்பளவுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

மாணவர்களே, உண்ணும் உணவைச் சக்தியாக மாற்றி, மீதியைச் சேமித்து வைக்கும் வேதிச் செயல்களையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். இது சீர்கெட்டால் நீரிழிவும் இருதய நோயும் வரலாம் என்பதை அறிவீர்கள். பெருங்குடலும் பாதிக்கப்படலாம் என்பது பலர் அறியாத செய்தி.

பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் சில நாள்களிலேயே உதிர்ந்து, புதியவை தோன்றுகின்றன. அவ்வாறு பிரியும்போது மரபணுவில் பிழை நேர்ந்தால், சில உயிரணுக்கள் அளவின்றிப் பெருகிச் சிறு மொட்டுப்போல் புடைக்கும். அதுவே 'பாலிப்'. பெரும்பாலான பாலிப்புகள் தீங்கு செய்வதில்லை. சில மட்டும் 10 ஆண்டுகள் அளவில் புற்றுநோயாக மாறலாம். அதுவரை பெரும்பாலும் வலியே இராது.

வளர்சிதை மாற்றத்திற்கு இதில் என்ன பங்கு? வயிற்றினுள் கொழுப்பு மிகும்போது, உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனை ஈடுகட்ட, கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதோடு உயிரணு வளர்ச்சியையும் தூண்டும். வயிற்றுக் கொழுப்பு, அழற்சியை உண்டாக்கும் பொருள்களையும் வெளியிடுகிறது. பிழையுள்ள உயிரணுவுக்கு இவை உரம் போன்றவை. எனவேதான் உடல் பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் பாலிப் அதிகம் காணப்படுகிறது. ஆனால், அவர்கள் அனைவருக்கும் அது வரும் என்று பொருளல்ல.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் இருவரில் ஒருவர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர். அவ்வாண்டில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே, இது நம் வீட்டுக் கதையும்தான்.

என்ன செய்யலாம்? நம் பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பெயர்போனது. பழத்தை நறுக்கி உண்டால் நார்ச்சத்து கிடைக்கும். சாற்றை வடிகட்டிச் சீனி சேர்த்தால் நார் போய்ச் சர்க்கரைதான் மிஞ்சும். அன்றாட நடைப்பயிற்சி, இன்சுலின் நன்கு வேலை செய்ய உதவும்.

50 வயதைக் கடந்த தாத்தா பாட்டிக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உள்ளதா என்று அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதிக்கலாம். இரத்தம் இருந்தால், மருத்துவர் குழாய்க் கேமராவால் குடலைப் பார்ப்பார். பாலிப் இருந்தால் அப்போதே அகற்றிவிடலாம். வரவிருந்த புற்றுநோயும் தடுக்கப்படும்.

செய்து பார்ப்போம்: வீட்டிலுள்ள பெரியவர்களின் இடுப்புச் சுற்றளவை அளந்திடுக. ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் கவனம் தேவை. வளரும் உங்களுக்கு இவ்வளவு பொருந்தாது.

சிந்திக்க: வலி வரும்வரை காத்திருப்பது ஏன் தவறு?