கட்டுரை திருத்தல்

ஆந்திர எல்லையையொட்டிய ஊர் ஆர்.கே.பேட்டை. அஃது அடங்கிய திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினும் வீட்டுமொழி மாறுவதில்லை. இன்றும் அங்கு வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோர் பலர். அவர்தம் மக்கள் கல்லூரியிற் கட்டுரை வரையுங்கால் 'மழை' என்பது 'மளை' ஆதல் உண்டு. இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லையன்றோ! (தமிழையே வீட்டுமொழியாக உடையாரும் அதனைப் பிழைப்பது வேறு செய்தி.)

அப்பிழைகளைச் சிவப்பு மையாற் சுழித்து, எண்ணி, மதிப்பெண் குறைத்தல் ஆசிரியர்க்கு எளிது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வகுத்த பத்துக் குற்றங்களுள், சொற்பிழையைச் சுட்டுவது 'வழூஉச்சொற் புணர்த்தல்' ஒன்றே. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய ஏனையவை கருத்தையும் அதனை அமைக்கும் முறையையும் பற்றியன. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதோ மாணவர் தாள்களில் மிகுதி. தொடக்கம் முழங்கும், போகப் போகப் பொருள் மெலியும், இறுதியில் ஒன்றும் எஞ்சாது. சிவப்பு மை இதனைத் தொடுவதேயில்லை.

கைத்தறியைப் பற்றி இருவர் எழுதினர் என்க. ஒருவர் பாவு ஓட்டுவது முதல் சேலை மடிப்பது வரை முறையாக விளக்கி, ஐந்திடத்தில் ழகரம் பிழைக்கிறார். மற்றவர் பிழையின்றித் தமிழர் பெருமையில் தொடங்கித் தறியை அடையாமலே முடிக்கிறார். முன்னவர் அவ்வைந்து சொற்களையும் திருத்தி எழுதினாற் போதும். மதிப்பெண்ணும் அவர்க்கே மிகுதல் தகும். பின்னவர் கட்டுரை முழுவதையும் மீண்டும் எழுதவேண்டும்.