காப்புப் பருவம் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

தமிழில் வழங்கும் சிற்றிலக்கிய வகைகளுள் குழந்தைப் பருவத்தையே பொருளாகக் கொண்டு எழுந்தது பிள்ளைத்தமிழ். குழவிப் பருவமும் பாடுதற்கு உரியது எனத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வித்திட்டார். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் இன்று கிடைப்பனவற்றுள் முதல் நூலாகப் போற்றப்படுகிறது. இஸ்லாமியப் புலவர்களும் இவ்வடிவத்தை விரும்பி ஏற்றனர். செய்யிது அனபியா புலவரின் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் அதற்குச் சான்று.

இந்நூல்களின் சொல்நயத்தையும் சந்த இன்பத்தையும் நம் வகுப்பறைகளில் பலகாலும் எடுத்துரைக்கிறோம். ஆயின் இவற்றின் பருவ வைப்பு முறையில் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்து பின்பற்றத்தக்க ஒரு பாடமும் உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவங்களின் வைப்பு முறை

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் எனவும் பெரும்பாலும் அமையும். பாட்டியல் நூல்களிடையே மாதக் கணக்கில் சிறு வேறுபாடுகள் உள. எனினும் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என அவை குழந்தையின் வளர்ச்சியோடு இயைந்தே செல்கின்றன.

ஈண்டு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்பதைப் புலவர்கள் கூர்ந்து கண்டு வகுத்துள்ளனர். மற்றொன்று, குழந்தை தலையசைப்பதற்கும் கைகொட்டுவதற்கும் நடப்பதற்கும் முன்னதாகவே காப்பினை வைத்துள்ளனர். கொஞ்சுவது பின்னர், காப்பதே முதற்கடன் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும் கருத்தாகும்.

காப்பு - வேண்டுதலும் செயலும்

காப்பு என்னும் சொல்லுக்குப் பாதுகாவல் என்பது பொருள். பாதுகாவல் வேண்டிக் கட்டும் கயிறும் அணியும் வளையும் அப்பெயரே பெற்றன. பண்டைத் தமிழர் பிள்ளைகளுக்கு ஐம்படைத்தாலி அணிவித்தனர். காப்புப் பருவத்தில் புலவர் தம் சமய மரபுக்கேற்ப இறைவனிடம் காவலை வேண்டுவர். இஸ்லாமியப் புலவர் அல்லாஹ்விடம் அதனை வேண்டினர்.

வேண்டுதல் மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என வினவியவரிடம், முதலில் அதனைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அவர்கள் பணித்தார்கள். முயற்சியை விடுத்து நம்பிக்கையை மட்டும் கொள்வது மார்க்கம் காட்டிய வழி அன்று.

நம் காலத்தில் பிள்ளைகளுக்குக் கட்டவேண்டிய முதற்காப்பு தடுப்பூசியே எனலாம். பிறந்தவுடன், 6, 10, 14ஆம் வாரங்களில், 9ஆம் மாதம் நிறைந்ததும், 16 முதல் 24 மாதங்களுக்குள், பின்னர் 5 முதல் 6 வயதிலும் 10, 16ஆம் வயதுகளிலும் அரசு நிலையங்களில் இவை கட்டணமின்றி இடப்படுகின்றன. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் இறுதி இளம்பிள்ளைவாத நிகழ்வு. அதன்பின் 27-3-2014 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் இந்நாட்டை அந்நோயற்றதெனச் சான்றளித்தது. ஊர்தோறும் தாய்மார் வரிசையில் நின்று பிள்ளைகளின் வாயில் இட்ட சொட்டு மருந்தே அவ்வெற்றிக்குக் காரணம்.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் கூறுதல் வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகப் பள்ளிகளில் தொடங்கியபோது, கைப்பேசி வழியே வதந்திகள் பரவின. எங்கள் தெருவில் சில வீட்டார் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டனர். கற்றவர் எனப் பெயர் பெற்ற நானும் என் மகளை அனுப்புவதா வேண்டாவா எனத் தயங்கி நின்றேன். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவரான என் தாயாரே பேத்தியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவருடைய தம்பி மூன்று வயதில் மணல்வாரி என்று மக்கள் வழங்கும் தட்டம்மையால் இறந்தவர். "அந்த ஊசி அன்றைக்கு நம்மூருக்கு வந்திருந்தால் உனக்கு ஒரு மாமா இருந்திருப்பார்" என்றார். நான் படித்த நூல்கள் எவையும் எனக்குக் கற்பிக்காததை அச்சொற்கள் கற்பித்தன. தட்டம்மைத் தடுப்பூசி நாடு தழுவிய திட்டத்தில் இடம்பெற்றது 1985இல்தான் என்பது அதன்பின்னரே நான் அறிந்துகொண்ட செய்தி.

செங்கீரை முதல் அம்புலி வரை

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. இவ்வாறு ஆடும் பிள்ளை கட்டிலிலிருந்து உருண்டு விழவும் கூடும். ஆகவே தாய் எழுந்து செல்லுங்கால் பிள்ளையைத் தரையில் விரித்த பாயில் கிடத்துதல் நன்று. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. அதன்பின் இணை உணவோடு தாய்ப்பாலையும் தொடர வேண்டும். முழுமையாகப் பாலூட்ட விரும்புவோர்க்கு இரண்டு ஆண்டுகள் எனத் திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் காலம் வகுத்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தேன் நோய் தீர்க்கும் என்பது நம் நம்பிக்கை. ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தையின் குடல் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரை எதிர்க்கும் வலிமை பெறாதது. எனவே சேனை என்னும் பெயரால் அதனை ஊட்டலாகாது என்பர் மருத்துவர்.

தால் என்பது நா. நாவசைத்துப் பாடும் தாலாட்டில் பிள்ளை உறங்கும். வயிற்றுப்போக்குக் கண்டால் பால் கொடுப்பதை நிறுத்துவது பல வீடுகளில் உள்ள தவறான வழக்கம். பாலையும் தொடர்ந்து, உப்புச் சர்க்கரைக் கரைசலையும் சிறிது சிறிதாகப் புகட்டினால் நீரிழப்பைத் தடுக்கலாம்.

சப்பாணி கொட்டும் கை எதையும் பற்றி வாயில் இடும் கையுமாகும். நிலக்கடலை, பாக்குத் துண்டு, நாணயம் ஆகியன மூச்சுக் குழலை அடைக்கும். விளையாட்டுப் பொருள்களில் உள்ள பொத்தான் போன்ற சிறு மின்கலத்தை விழுங்கினால், அது சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

முத்தப் பருவம் அன்பின் பருவம். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் ஒருவர். பேரர் ஹசன் (ரலி) அவர்களை முத்தமிட்டுக்கொண்டிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்று அவருக்கு உணர்த்தினார்கள். அன்பு பெறும் பிள்ளை அச்சமின்றித் தன் துன்பத்தை வீட்டில் கூறும். பின்வரும் பருவங்களில் பெற்றோர்க்குத் துணையாவது இவ்வச்சமின்மையே.

வருகைப் பருவத்தில் தளர்நடை பயிலும் பிள்ளைக்கு வீடு முழுவதும் உரியதாகிறது. வாளியில் கிடக்கும் சிறிதளவு நீரிலும் தலைகுப்புற விழுந்தால் அப்பிள்ளை எழ இயலாது. நோன்பு நாள்களில் கஞ்சிச் சட்டி இறக்கி வைக்கும் இடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சுட்ட புண்ணில் மையும் மாவும் பூசாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிய பின்னர் மருத்துவரை நாடுதல் முறை.

அம்புலியைக் காட்டிச் சோறூட்டிய கைகளில் இன்று கைப்பேசி ஒளிர்கிறது. அம்புலியைக் காட்டும் தாய் பேசுவாள். பிள்ளையும் மழலையில் மறுமொழி கூறும். கைப்பேசி முன் இருவர் பேச்சும் அடங்கிவிடுகிறது. இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டா எனவும், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது எனவும் 2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியுள்ளது.

சிற்றிலும் சிறுதேரும் - பள்ளியின் பொறுப்பு

இறுதி மூன்று பருவங்களில் பிள்ளை வீட்டு வாயிலைக் கடக்கிறது. தெருவில் சிறுதேர் உருட்டுகிறது, நீர்த்துறை செல்கிறது. இதுகாறும் பெற்றோரிடம் இருந்த காவல் இனி ஆசிரியரிடமும் வந்து சேர்கிறது.

16-7-2004 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றில் நிகழ்ந்த தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியதும், மாடியிலிருந்து இறங்கும் வழி குறுகியிருந்ததும் அத்துயரைப் பெருக்கின. உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைக்குமாறும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது இங்கு நினைவிற்கு வருகிறது. ஒரு சிறு திரியளவிலும் கவனம் வேண்டும் என்று கற்ற சமுதாயம், தன் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் இரு வாயில்கள் உள்ளனவா, அவை வகுப்பு நேரத்தில் திறந்துள்ளனவா, பிள்ளைகள் வெளியேறப் பழகியுள்ளனரா என்பதை ஆண்டுதோறும் ஆராய்தல் கடமையாகும்.

மறைக்கலாகாத செய்தி

பேசக் கூசி நாம் விட்டுவிடும் ஆபத்து ஒன்று உண்டு. அது பிள்ளைகள்மீது நிகழும் பாலியல் வன்முறை. இத்தீங்கைச் செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கு நன்கு அறிமுகமானவராகவே இருக்கிறார். திருக்குர்ஆன் அந்நூர் அத்தியாயம், பருவமடையாத சிறுவரும் வைகறைத் தொழுகைக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாத் தொழுகைக்குப் பின்னும் அனுமதி கேட்டே பெரியோர் அறைக்குள் வரவேண்டும் என விதிக்கிறது. உடலுக்கு மறைவும் மதிப்பும் உண்டு என்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை இது. பெரியவர்க்குரிய அம்மதிப்பு பிள்ளையின் உடலுக்கும் உண்டு. தீண்டத்தகாத வகையில் ஒருவர் தீண்டினால், அவர் உறவினராயினும் ஆசிரியராயினும், வேண்டா என மறுக்கவும் வீட்டில் வந்து கூறவும் பிள்ளையைப் பழக்குதல் வேண்டும்.

18 வயது நிறையாதோரைக் காக்க 2012இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவர் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியவர். 1098 என்னும் எண்ணில் குழந்தைகளே அழைத்து உதவி பெறலாம். ஊர்ப்பெயர் கெடும், நிறுவனத்தின் மதிப்புக் குறையும் என்று கருதி இருவீட்டாரை அமர்த்திப் பேசித் தீர்ப்பது நீதியாகாது. அவ்வாறு மூடும்போது, அடுத்த பிள்ளைக்குக் கட்டவேண்டிய காப்பை நாமே அவிழ்த்து விடுகிறோம் என்பதை ஊர்ப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

புறநானூற்றில் பொன்முடியார், மகனைப் பேணிவளர்க்கும் கடனைத் தாய்க்கும், சான்றோனாக்கும் கடனைத் தந்தைக்கும், வேல் வடித்துத் தரும் கடனைக் கொல்லனுக்கும், நன்னெறி நல்கும் கடனை வேந்தனுக்கும் பகிர்ந்தளிக்கிறார். ஒரு பிள்ளையை ஆளாக்குதல் ஒரு வீட்டின் பணி மட்டும் அன்று; ஊரின் பணி என்பது அவர் கொள்கை. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, உங்கள் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி வினவப்படுவீர்கள் என்பது நபிமொழியின் கருத்து. இரண்டும் ஒரே கடமையையே உணர்த்துகின்றன.

மாணவச் செல்வங்கள் தத்தம் வீட்டிலுள்ள இளைய பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இவ்வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. ஆசிரியப் பெருமக்கள் தம் வகுப்பறையின் வாயில்களை நோக்குவார்களாக. ஜமாஅத் பெரியோர் பிள்ளைகளின் முறையீட்டைக் கேட்கச் செவி தருவார்களாக. நம் பிள்ளைகளைக் காக்க நாம் செய்யும் முயற்சிகளை வல்ல அல்லாஹ் நிறைவாக்கி அருள்வானாக.