நீதிமன்றம் முதுகை அளப்பதில்லை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வேலைத்தலத்தில் காயம்பட்டு, மருத்துவ மேல்முறையீட்டுக் குழுவிலும் தோற்றுப்போன தொழிலாளி, சிட்னியிலுள்ள உச்ச நீதிமன்றத்தின் படியேறும்போது (பெயர்தான் உச்ச நீதிமன்றம், அந்தஸ்தில் அது நம் உயர் நீதிமன்றத்தைப் போன்றது), வைத்தியர்கள் குறைத்துப் போட்ட ஊன சதவீதத்தை நீதிபதி கூட்டிக் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையோடு ஏறுவதுண்டு. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. வைத்திய மதிப்பீட்டாளர் இருவரும் இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தின் உறுப்பினர் ஒருவருமாக அக்குழுவின் மூவர் கூடி, முதுகையும் முழங்காலையும் பற்றிச் செய்யும் நிர்ணயம், வேலைத்தலக் காயமும் தொழிலாளர் இழப்பீடும் பற்றிய 1998-ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்களுக்கே உரியது. அதில் அதிகார வரம்பு மீறப்பட்டதா, விசாரணை முறை பிறழ்ந்ததா, தீர்மானத்தின் வாசகத்திலேயே சட்டப் பிழை தென்படுகிறதா என்று பரிசீலிப்பதோடு நீதிபதியின் வேலை முடிந்தது. புதிய எக்ஸ்ரே படத்தை நீட்டினாலும் அதை வைத்து அவர் சதவீதம் போடமாட்டார்.

இதற்கு நேர் விரோதமான நம்பிக்கையும் உண்டு: வைத்திய நிபுணர்கள் கூடிச் சொன்ன அபிப்பிராயத்துக்குக் காரணம் கேட்க ஒருவருக்கும் பாத்தியதை இல்லை என்பது. கேம்ப்பெல்டவுன் நகரசபை வழக்கில் 2006-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மறுத்தது. குழு தன் தீர்மானத்துக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டது என்றும், ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளுக்கு இடமிருக்கையில் ஒன்றை விட்டு மற்றொன்றை ஏன் கொண்டது என்பதைக் கொஞ்சமாவது விளக்கவேண்டும் என்றும் கூறிற்று.

காரணத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை அந்த 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 323-ஆம் பிரிவில் காணலாம். காயத்துக்கு முன்பே உடம்பிலிருந்த கோளாறினால் விளைந்த பங்கை ஊனத்திலிருந்து கழிக்கவேண்டும். அளவை நிச்சயிப்பது சிரமமானால், சாட்சியத்துக்கு முரணாகாதவரை, பத்தில் ஒரு பங்கு எனக் கொள்ளவேண்டும். பத்தில் ஒன்றுதானே என்று அலட்சியம் செய்வோர் கணக்கைப் பார்க்கட்டும்: 11 சதவீத ஊனத்தில் அதைக் கழித்தால் 9.9; முழு எண்ணாக்கினால் 10; நிரந்தர ஊனத்துக்காக மொத்தமாகத் தரும் இழப்பீட்டுத் தொகையோ 10 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கே உரியது. ஆகவே கழிந்தது ஒன்று, போனது முழுவதும். முதுகெலும்பில் வயதின் தேய்மானம் தெரிகிறது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு இப்படிக் கழித்துவிட்டால், அங்கேதான் நீதிமன்றம் தலையிடும். அந்தத் தேய்மானம் இன்றைய ஊனத்துக்கு மெய்யாகவே காரணமாயிற்று என்பதற்குச் சாட்சியம் வேண்டும், ஊகம் போதாது என்று அம்மாநில நீதிபதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறார்கள். தொழிலாளிக்கு இத்துறையில் வாய்த்த பெரிய கவசம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஜெயித்தவுடன் பணம் வந்துவிடும் என்பதும் பிரமையே. தீர்மானம் ரத்தாகும், விஷயம் சட்டப்படி தீர்மானிக்கப்படுவதற்காகத் திரும்பிப் போகும், புதிதாக அமரும் மூவர் பிழையற்ற காரணங்களைக் கூறி அதே பழைய எண்ணுக்கு வந்துசேரவும் கூடும். முதலாளிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. எவர் வந்தாலும், நீதிமன்றம் மனமிரங்கி நீட்டித்தாலொழிய, தீர்மானத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.